ஆச்சியின் சன்னலும் ஐந்து தொட்டிகளும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



“ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதிக் கொடு” என்று தமிழம்மா கேட்டபோது, ‘காலம் பொன் போன்றது’, ‘நான் தலைவியானால்’ என்று என்னென்னவோ தலைப்புகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. மூன்று மாதமாக என் மனத்தை உறுத்திக் கொண்டிருக்கும் ஒன்றையே எழுதிவிடலாம் என்று துணிந்துவிட்டேன். இது பூச்சிகளைப் பற்றியது. முகம் சுளிக்காமல் படியுங்கள்.

சென்ற ஆகஸ்டுத் திங்களில் எங்கள் ஆச்சி குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டார்கள். அறுவை நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலே அவர்களுக்கு உலகமாயிற்று. ‘தினமும் எழுந்து உட்கார வேண்டும், பிடித்துக்கொண்டு நான்கு அடி நடக்க வேண்டும்’ என்று மருத்துவர் எவ்வளவோ சொல்லியும் ஆச்சி கேட்கவில்லை. “உட்கார்ந்து எதைப் பாக்கப் போறேன்?” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அவர்கள் ஆசையோடு பார்த்தது ஒன்றே ஒன்றுதான். கட்டிலருகே சன்னல் மேடையில் இருந்த ஐந்து தொட்டிகள். மணிப்பிளாண்ட் இரண்டு, கற்பூரவல்லி ஒன்று, சோற்றுக்கற்றாழை ஒன்று, பெரணி ஒன்று. பெரணி மட்டும் தனி. தாத்தா உயிரோடு இருந்தபோது, குற்றாலத்தில் சாரல் காலத்தில் ஒரு நாற்றுக் கடையில் வாங்கி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாம் அது.

தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு. பொறுப்பை நான் அளவுக்கு மேலேயே செய்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் தண்ணீர், பள்ளி விட்டு வந்ததும் அரிசி களைந்த நீர், போதாததற்கு வடிகட்டியில் மிஞ்சும் தேயிலைச் சக்கை. உரம் என்று எண்ணிக் கொட்டினேன். அக்டோபரில் அடைமழை பிடித்துக்கொண்டது. மண் காயவே இல்லை.

ஒரு நாள் மாலை, ஆச்சியின் பால் தம்ளருக்குள் இரண்டு சிறு கறுப்பு ஈக்கள் விழுந்து கிடந்தன. மறுநாள் விளக்கைச் சுற்றிப் பத்துப் பதினைந்து. கொசு போலக் கால் நீண்டிருந்தது, ஆனால் கடிக்கவில்லை. அம்மா தொட்டிகளைக் குனிந்து பார்த்தார்கள். மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ துள்ளியது.

“நோயாளி படுத்திருக்கிற அறையில் இதெல்லாம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வருவதற்குள் இந்தப் பூச்சி போகவில்லை என்றால், தொட்டி அத்தனையும் தெருவுக்குப் போகும்” என்று அம்மா சொல்லிவிட்டார்கள். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு கஞ்சியும் குடிக்கவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல என்னால் முடியாது. விடியற்காலம் எழுந்து ஆச்சிக்கு உடம்பு துடைத்து, படுக்கை மாற்றி, அதன்பின் வேலைக்கு ஓடுபவர்கள் அவர்கள்.

ஞாயிற்றுக்கு நான்கு நாள்கள்தான் இருந்தன. நான் வீரமாக ஒரு காரியம் செய்தேன். குளியலறையிலிருந்து பினாயில் புட்டியை எடுத்து, ஒரு மூடி ஒரு செம்புத் தண்ணீரில் கலந்து, துள்ளும் பூச்சி எந்தத் தொட்டியில் மிகுதியோ அந்தத் தொட்டியில் ஊற்றினேன். அது பெரணி. தண்ணீர் பால்போல் வெளுத்து மண்ணுக்குள் இறங்கியது. துள்ளல் நின்றது. எனக்கு ஒரே மகிழ்ச்சி.

மறுநாளும் ஈக்கள் முன்போலவே பறந்தன. இரண்டாம் நாள் பெரணியின் நுனிகள் பழுத்தன. மூன்றாம் நாள் காம்புகள் கறுத்துச் சாய்ந்தன. நான் அந்தத் தொட்டியைத் திரைச்சீலைக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன். “பெரணி எங்கே?” என்று ஆச்சி கேட்டபோது, “வெயில் படட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன்” என்றேன். அப்போது வெளியே மழை கொட்டிக் கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் எங்கள் உயிரியல் சிஸ்டரிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சிஸ்டர் முழுவதும் கேட்டுவிட்டு, “பெயர் கேட்காமலேயே மருந்து ஊற்றிவிட்டாயா?” என்றார்கள். பிறகு ஆய்வகத்திலிருந்து கைலென்சு ஒன்றைக் கொடுத்து, ஒரு தேக்கரண்டி மண்ணை வெள்ளைச் சாசரில் நீரோடு கலந்து பார்க்கச் சொன்னார்கள். லென்சைத் திங்களன்று திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். (தந்துவிட்டேன், சிஸ்டர். ஒரு வாரம் தாமதம்.)

தோழியரே, அந்தச் சாசரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மணிப்பிளாண்ட் மண்ணைப் போட்டுக் கலக்கியதும் வெள்ளைத் துகள்கள் நீரின்மேல் மிதந்தன. மூழ்கவில்லை, நனையவும் இல்லை. லென்சில் பார்த்தால் ஆறு கால், இரண்டு உணர்கொம்பு, சிறகு கிடையாது. நீளம் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். பென்சில் முனையால் தொட்டேன், காணோம்! சாசரின் மறுகோடியில் நின்றது. வயிற்றின் அடியில் கவட்டை போன்ற ஒரு வால் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆபத்து வந்தால் கொக்கி விடுபடும். வால் தரையை அறைய, உடல் வானில் எழும்பும். ஆங்கிலத்தில் இதை ஸ்பிரிங்டெயில் என்கிறார்கள். ஆச்சி வைத்த பெயர் துள்ளுப்பூச்சி. அதையே நானும் வழங்குகிறேன்.

துள்ளுப்பூச்சி செடியைத் தின்ன வந்ததன்று. ஈர மண்ணில் வளரும் பூஞ்சையையும் மக்கிய இலையையும் தின்று மண்ணை மண்ணாக்குவது அதன் தொழில். மண் காய்ந்தால் தானே குறைந்துவிடும். நம்மைக் கடிக்காது. பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. ‘கொலம்போலா’ என்ற பெயரை இந்தக் கூட்டத்துக்கு 1870இல் சூட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் லப்பக். முன்பு பூச்சி இனத்திலேயே சேர்த்திருந்தார்கள். இப்போது தனி வகுப்பாக வைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் ஊரின் பாறையில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுக்கு முற்பட்ட துள்ளுப்பூச்சியின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. 1926இல் அதை விவரித்து எழுதிய இருவரில் ஒருவர் மௌலிக் என்னும் இந்தியர். பாறைக்குள் அத்தனை காலம் கிடந்ததன் உறவுக் கூட்டத்தைத்தான் நான் ஒரு மூடி பினாயிலால் தீர்த்தேன், அத்தோடு பெரணியையும்.

அன்று மாலை ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். கட்டில் ஓரமாக நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“பினாயில்தானே ஊத்துன? புதன்கிழமையே மணந்துச்சே, ஏட்டி” என்றார்கள் ஆச்சி.

“அப்படியானால் ஏன் கேட்டீங்க, ஆச்சி?”

“நீயா சொல்லுதியான்னு பாத்தேன்.”

சற்று நேரம் கழித்து, “தொட்டியக் கொண்டா” என்றார்கள். கொண்டு வந்தேன். கறுத்த காம்பு ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார்கள். கண் கலங்கியது. என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் நான்கு தொட்டிகளின் வழக்கு. சிஸ்டர் சொன்ன உருளைக்கிழங்குச் சோதனையைச் செய்தேன். பச்சைக் கிழங்கை வில்லையாக அரிந்து ஒவ்வொரு தொட்டியிலும் மண்ணோடு அழுத்தி வைத்தேன். அம்மா சாம்பாருக்கு வைத்திருந்த கிழங்கு அது. ஞாயிறு காலை புரட்டிப் பார்த்தால், இரண்டு மணிப்பிளாண்டிலும் கற்பூரவல்லியிலும் வில்லையின் அடியில் கண்ணாடி நூல் போன்ற புழுக்கள்! உடல் வெள்ளை, தலை மட்டும் பளபளக்கும் கறுப்பு. ஈக்களின் பிள்ளைகள் இவையே. இதைப் பூஞ்சை ஈ என்று சொல்லலாம். ஈர மண்ணில் முட்டையிடும். புழு பூஞ்சையைத் தின்னும். பெருகிவிட்டால் இளவேரையும் கடிக்கும். அரிசி நீரும் தேயிலைச் சக்கையும் கொட்டிப் பூஞ்சை வளர்த்து, ஈக்களுக்கு விருந்து வைத்தவள் நானேதான்.

பழுப்பு நிறத்தில் குண்டூசி முனையளவு ஒன்றும் மெதுவாக ஊர்ந்தது. எட்டுக் கால் எண்ணினேன். மண்ணில் வாழும் சிலந்திப்பேன் வகை. மக்கியதைத் தின்று பிழைப்பது. அதை அதன் வழியில் விட்டேன்.

கற்றாழையில் புழு இல்லை. ஆனால் எறும்புச் சாரை ஒன்று தொட்டியின் அடித் துளைக்குள் போய்வந்து கொண்டிருந்தது. தொட்டியைக் கவிழ்த்துச் செடியை உருவினேன். வேரெல்லாம் மாவு தூவியது போல வெள்ளைப் பஞ்சு. வேர் மாவுப்பூச்சி! கற்றாழை மாதக்கணக்கில் வளராமல் வெளிறிக் கிடந்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது. உண்மையான பகைவன் துள்ளவும் இல்லை, பறக்கவும் இல்லை. அடியில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். வேரைக் குழாயடியில் கழுவி, அழுகியதை வெட்டி, மண்ணை உறையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன். தொட்டியை வெந்நீரும் சோப்பும் இட்டுத் தேய்த்தேன். கற்றாழை சில நாள் மண்ணில்லாமல் இருந்தாலும் தாங்கும். ஐந்து நாள் நிழலில் உலர்த்தி, ஆற்று மணல் கலந்த புது மண்ணில் நட்டேன். இப்போதும் அதைத் தனியாகத்தான் வைத்திருக்கிறேன். மற்றவற்றோடு சேர்க்க இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து அம்மா வந்தார்கள். கழுவிய வேரும் கிழங்கு வில்லையும் சாசரும் பரப்பிக் கிடந்த கூடத்தைப் பார்த்தார்கள். நான் படபடவென்று எல்லாவற்றையும் விளக்கினேன். “இன்னும் ஒரு வாரம்” என்று சொல்லிவிட்டுக் கிழங்கைப் பற்றி மட்டும் கேட்டார்கள்.

ஈக்களை ஒழிப்பது ஒரு வாரத்தில் ஆகிற காரியமன்று. ஈயைக் கொன்றாலும் முட்டையும் புழுவும் மண்ணில் இருக்கும். முட்டை ஈயாக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். ஆகவே மேல்மண்ணை இரண்டு அங்குலம் வரை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மணலை நிரப்பினேன். தேயிலையும் அரிசி நீரும் நிறுத்தப்பட்டன. விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்த பிறகே தண்ணீர். அதையும் மேலே ஊற்றாமல் அடித்தட்டில் ஊற்றினேன். எங்கள் மாமா தம் கத்தரித் தோட்டத்தில் மஞ்சள் தகரத்தில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுவார்கள். மஞ்சள் நிறத்துக்குப் பூச்சிகள் மயங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். அது போல மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் பூசித் தொட்டிக்கு ஒன்றாகக் குத்தி வைத்தேன். கொசுப் புழுவுக்குப் போடும் ஒரு பாக்டீரியா மருந்து உண்டென்றும், 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது என்றும், அது இந்தப் புழுவையும் கொல்லும் என்றும் சிஸ்டர் சொன்னார்கள். மண்ணைக் காயவிட்டதிலேயே காரியம் நடந்ததால் அதைத் தேடிப் போகவில்லை.

அட்டையில் ஒட்டிய ஈக்களை எண்ணுவது யார்? எனக்கு அரையாண்டுத் தேர்வு. “இங்க கொண்டா, நான் எண்ணுதேன்” என்றார்கள் ஆச்சி. படுத்துக்கொண்டு எண்ண முடியவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார வைத்தோம். மூக்குக் கண்ணாடிக்கு மேல் லென்சையும் பிடித்துக்கொண்டு, செபமாலை முடிந்ததும் தினமும் எண்ணுவார்கள். எண்ணிக்கை என் கணக்கு நோட்டின் கடைசித் தாளில் ஏறும். முதல் நாள் 46. அடுத்த நாள் 38. இரண்டாம் வாரத்தில் திடீரென்று 52 ஆயிற்று. நான் மனம் தளர்ந்துவிட்டேன். “உள்ள இருந்த புழு ஈயாகி வெளிய வருது, வரட்டும்” என்று ஆச்சிதான் சொன்னார்கள். மூன்றாம் வாரம் 19. அதற்கடுத்த வாரம் ஆச்சி, அட்டையை நான் எடுத்து வரும்வரை காத்திராமல், கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சன்னல்வரை தாமே நடந்து போய்ப் பார்த்தார்கள். சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்து பின்னால் நின்றார்கள். தொட்டிகளைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

பெரணி பிழைக்கவில்லை. தளிர் ஏதும் வருமா என்று ஒரு மாதம் பார்த்தேன். வரவில்லை. பினாயில் ஏறிய மண்ணையும் வேரையும் அப்பா எடுத்துப் போட்டுவிட்டார்கள். அடுத்த சாரலில் குற்றாலம் போய் வேறொன்று வாங்கலாம் என்றார்கள். ஆச்சி வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

இதை எழுதும் இன்று அட்டையில் 2. காலித் தொட்டி கழுவப்பட்டு, அதே இடத்தில் இருக்கிறது. அதற்குள் ஆச்சி தம் மூக்குக் கண்ணாடியையும், சிஸ்டருக்குத் திருப்பித் தந்த பிறகு அப்பா வாங்கி வந்த புது லென்சையும் வைத்துக்கொள்கிறார்கள்.