திகதி தவறிய பெட்டி

தலைமன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இத்தூரம் அண்மையா, சேய்மையா என்பதைக் கடல் தீர்மானித்ததில்லை. காலமே தீர்மானித்து வந்துள்ளது. 1914ஆம் ஆண்டு தொடக்கம் புகையிரதமும் கப்பலும் இணைந்து இரு கரை மக்களையும் ஏற்றி இறக்கின. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. 1980களின் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. பின்னர் அக்கடலைக் கடந்தோருள் மிகப் பலர் அகதிகள், படகேறிச் சென்றவர்கள்.

பேசாலையில் வாழும் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவரின் தங்கையும் 1990இல் அவ்வாறு சென்றவரே. மண்டபம் முகாமில் தொடங்கிய அவரது புதுவாழ்வு அக்கரையிலேயே வேரூன்றிவிட்டது. அண்மையில் அவருடைய பேத்திக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. எழுபத்தைந்து வயதைக் கடந்த தமையனாருக்குப் பயணம் இயலாதது. திருமணம் இணையவழி நேரடியாகக் காட்டப்படும் என்ற செய்தி வந்தது. கைத்தொலைபேசியின் சிறுதிரை முதியவரின் கண்ணுக்குப் போதாதென்று கருதிய மகன், கொழும்பில் தாம் பாவித்து ஒதுக்கிய ‘ஸ்மார்ட்’ தொலைக்காட்சிப் பெட்டியை அனுப்பிவைத்தார். பெட்டி வந்தது, ஆனால் இணையம் அதில் ஏறவில்லை.

பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் பேரன் முறையாகவே ஆராயத் தொடங்கினான். கைத்தொலைபேசி அதே ரவுட்டர் வழியாக இயங்கியது. ஆகவே வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறையில்லை. ரவுட்டர் இரு அலைவரிசைகளை வழங்கியது. 5 கிகாஹேட்ஸ் அலை விரைவானது, ஆயினும் தடித்த சுவர்களைக் கடக்கையில் பெரிதும் நலிவது; 2.4 கிகாஹேட்ஸ் அலை வேகம் குறைந்தது, ஆனால் சுவரை ஊடுருவுவதில் மேலானது. பெட்டி இருந்த கூடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையே பழைய கற்சுவர்கள் இரண்டு நின்றன. எனவே 2.4ஐத் தெரிந்தான். கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தான். வீட்டு வலையமைப்பு பெட்டியை ஏற்று, அதற்கொரு முகவரியும் வழங்கியது. இரண்டின் மின்னிணைப்பையும் துண்டித்து, சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுத்தும் பார்த்தான். வலையமைப்பு கிடைத்தது, காட்சி மட்டும் கிடைக்கவில்லை. ‘பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை’ என்ற பொருள்பட ஒரு வாசகமே திரும்பத் திரும்பத் தோன்றியது. பெட்டி பழுதென்று பேரன் முடிவுகட்டினான். மறுநாட் காலை திருமணம்.

அவ்வேளை திரையின் மூலையை உற்றுநோக்கிக்கொண்டிருந்த முதியவர், “தம்பி, இதில திகதி பிழையாக் கிடக்குதே” என்றார். அங்கே 1970 ஜனவரி 1 எனக் காணப்பட்டது.

பேரன் திகைத்தான். கணினிகள் பலவும் காலத்தை அந்நாளிலிருந்தே எண்ணத் தொடங்குகின்றன. நெடுங்காலம் மின்னின்றிக் கிடந்த கருவி நேரத்தை மறந்து தொடக்கப் புள்ளிக்கே மீள்வதுண்டு. நேரத்தைத் தானாகத் திருத்தும் அமைப்போ இப்பெட்டியில் அணைக்கப்பட்டிருந்தது. இணையத் தளங்கள் தம்மை மெய்ப்பிக்க நீட்டும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 1970இல் நிற்கும் பெட்டிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறவாத ஒன்று. அதனை ஏற்க மறுத்தது பெட்டியின் பிழையன்று. தான் அறிந்த காலத்துக்கு அது நேர்மையாகவே நடந்துகொண்டது.

பொறியியல் மாணவன் காணாததைத் தபால் அதிபர் கண்டது தற்செயலன்று. பணிபுரிந்த காலமெல்லாம் காலையில் அவர் செய்த முதல் வேலை, திகதி முத்திரையின் எழுத்துக்களை மாற்றுவதே. நாள் பிழைத்த முத்திரை கடிதத்தையே ஐயத்துக்குள்ளாக்கும் என்பது அவருடைய தொழிலின் அரிச்சுவடி. அறிவு புதிது, பழையது எனப் பிரிக்கப்படுமிடத்து நாம் எதனைக் கைவிடுகிறோம் என்பதை இச்சிறு நிகழ்ச்சி சிந்திக்க வைக்கிறது.

திகதி திருத்தப்பட்டது, காட்சி வந்தது. இரு கரைகளின் கடிகாரங்களும் ஒத்துப்போகாத காலமும் ஒன்றிருந்தது. 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு முந்தி ஓடியது. 2006இலேயே அவை மீண்டும் ஒன்றாயின. தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்த கடலடித் தந்திவடம் செயற்படத் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். கப்பல் நின்றுபோன கடலைச் செய்தி கடந்தது.

மறுநாள் மணமக்களின் பின்னால், நரைத்த தலையோடு தங்கை நின்றார். தமையன் பார்த்துக்கொண்டிருப்பார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒருமுறை படக்கருவியை நேரே நோக்கிக் கைகூப்பினார். அது ஒருவழிக் காட்சி என்பதைப் பேரன் நினைவூட்டவில்லை. முதியவரும் திரையை நோக்கிக் கைகூப்பினார்.

பெட்டியின் திகதியைத் திருத்த ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. 1990இல் பிரிந்தவர்களுக்குள் நின்றுபோன காலத்தைத் திருத்துவதற்கு அத்தகைய பொத்தான் ஏதும் இல்லை.