எண்ணிவிட்டுத் தொடு

பழைய பயண நூல் ஒன்று பழுதுபார்க்க வந்தால், பசைக் கிண்ணத்தை எடுப்பதற்கு வெகு முன்பே எண்ணும் வேலை தொடங்கிவிடும். எத்தனை தாள், எத்தனை படம், எந்த வரைபடம் எந்தப் பக்கத்துக்கு எதிரே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவருக்கு அலுப்பாக இருக்கும். எனக்கு இந்தத் தொழிலின் ருசியே அதில்தான்.

பிலிப்புஸ் பால்தேயஸின் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கீசரிடமிருந்து டச்சுக்காரர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் அங்கே பாதிரியாராக இருந்தவர் அவர். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றி அவர் டச்சு மொழியில் எழுதிய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. ஃபோலியோ அளவு, மேசை இல்லாமல் படிக்க முடியாது. தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை தேவாலயங்கள் அதில் படங்களாக நிற்கின்றன.

அந்தப் படங்களைக் கண்ணைவிட விரல் நன்றாகப் படிக்கும். ஈய எழுத்து தாளை அழுத்திக் குழியாக்கும். செப்புத்தகட்டுப் படமோ நேர்மாறு: செதுக்கிய பள்ளத்தில் நிற்கும் மையைத் தாள் உறிஞ்சி எடுப்பதால் கோடுகள் மேலே மேடாக நிற்கும். தகட்டின் விளிம்பு பதிந்த தடம் படத்தைச் சுற்றி ஓடும். பிற்காலத்தில் போட்ட நகலில் இந்த மேடுபள்ளம் இருக்காது. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் வந்தால், அந்தத் தாள் இரண்டு வேறு அச்சு இயந்திரங்களில் ஏறி இறங்கியிருக்கிறது என்று பொருள். அதனால்தான் சில பழைய நூல்களில் படம் லேசாகச் சாய்ந்திருக்கும்.

தனித் தாளில் அச்சிட்டு மடித்து ஒட்டிய வரைபடங்கள்தான் முதலில் காணாமல் போகின்றவை. நூலாக விற்பதைவிடப் படம் படமாகச் சட்டம் போட்டு விற்றால் லாபம் அதிகம் என்று பிளேடு வைத்தவர்கள் உண்டு. எண்ணும்போது தையலோரம் எஞ்சிய ஒரு விரற்கடைத் தாள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வேறு பிரதியிலிருந்து தாள் எடுத்துச் செருகி ஒப்பேற்றுவதும் உண்டு. விளக்கை அடியில் வைத்துப் பார்த்தால் தாள் செய்த சல்லடையின் கம்பித் தடமும் நீர்க்குறியும் தெரியும். பக்கத்துத் தாள்களோடு அவை ஒத்துப்போகாவிட்டால் சந்தேகம் வர வேண்டும்.

தமிழ் எழுத்துப் படங்கள் வந்தால் என் கை சற்று மெதுவாகும். கொல்லத்தில் 1578இலேயே வார்ப்பெழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. ஆனால் பால்தேயஸின் நூலில் தமிழ் எழுத்துகள் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டவை. அச்சில் நேராக விழ வேண்டுமென்றால் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். தமிழ் அறியாத கை ஒவ்வொரு சுழியையும் கோலப்புள்ளியைத் தொடர்வதுபோல் கண்ணால் மட்டுமே பின்தொடர்ந்திருக்கும். ஒரு சுழி பிசகியிருந்தால் அதைத் திருத்தும் உரிமை எனக்கில்லை. அந்தப் பிசகும் நூலின் வரலாறுதான்.

எண்ணி முடித்த பிறகுதான் பழுது. மடிப்பில் கிழிந்த வரைபடத்துக்கு மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையையும் பயன்படுத்துவேன். ஒட்டுத்தாளைக் கத்தரிப்பதில்லை, நீர்க்கோடு இழுத்துப் பிய்த்தால் ஓரத்து நார்கள் விரிந்து பழைய தாளோடு இணங்கும். நாளை ஒருவர் ஈரம் காட்டினால் இந்த ஒட்டு கழன்று வர வேண்டும். செல்லோடேப் அப்படி வராது. மஞ்சளாகிக் கறையை விட்டுப்போகும். வண்ணம் தீட்டிய பிரதியாக இருந்தால் பச்சையைப் பார்த்து அஞ்ச வேண்டும். அதிலுள்ள செம்பு தாளை அரித்துக்கொண்டே இருக்கும். ஈரம் பட்டால் அது இன்னும் பரவும். அங்கே வேலையைக் குறைத்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம்.

கடைசியில் ஓர் அறிக்கை எழுதுவேன். எந்தத் தாள் இல்லை, எது வேறு பிரதியிலிருந்து வந்தது, எங்கே என் ஒட்டு இருக்கிறது, என்ன பசை என்பதெல்லாம் அதில் இருக்கும். பால்தேயஸின் நூலுக்கு அது கூடுதலாகப் பொருந்தும். இந்து சமயம் பற்றிய அதன் பகுதியில் பெருமளவு, இயேசு சபைத் துறவி ஜாகோமோ ஃபெனிசியோவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது. ஃபெனிசியோவின் மூலத்தை யார்ல் ஷார்பென்டியர் 1933இல் பதிப்பித்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அதன்பின் எவருக்கும் வழி உண்டாயிற்று. எழுதியவர் இன்னொருவரின் உழைப்பைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டார். பழுதுபார்ப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நூலில் பட்ட ஒவ்வொரு கையையும், என் கையையும் சேர்த்து, அடுத்து வருபவர் பிரித்தறியும்படி எழுதி வைத்தால்தான் என் வேலை முடிந்தது.