உப்பளத்துக்கு வந்த விருந்தாளிகள்

"தூத்துக்குடிக்குப் போகிறேன்" என்று சொன்னதுமே, "மக்ரூன் வாங்கிவர மறந்துவிடாதீர்கள்" என்று வீட்டில் உத்தரவு பிறந்துவிட்டது. "பறவை பார்க்கப் போகிறேன்" என்று சேர்த்துச் சொன்னபோதுதான் என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பறவை பார்க்க வேடந்தாங்கலுக்கு அல்லவா போவார்கள்? தூத்துக்குடியில் கப்பலும் உப்பும்தானே இருக்கின்றன?" என்றாள்.

அந்த உப்பளங்களை நம்பித்தான் ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் பறவைகள் வருகின்றன என்ற சமாசாரம் அப்போது எனக்கும் தெரியாது.

ஆவணி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திருச்செந்தூர் சாலையில், முத்தையாபுரத்துக்கு அருகே, ஓர் உப்பளத்தின் வரப்பில் ஐந்து பேர் நின்றோம். என்னை அழைத்துப் போனவர்கள் நால்வர்: பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள், துறைமுகத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர். ஊரார் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

மேற்கேயிருந்து வீசிய காற்று தலைத் துண்டைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. "இந்தக் காற்றும் வெயிலும்தான் எங்கள் ஊருக்குச் சோறு போடுகின்றன" என்றார் பெரியவர். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும் பங்கு தூத்துக்குடிக் கரையில். தை, மாசியில் தொடங்கும் வேலை ஐப்பசி மழை வரும்வரை நடக்கிறது.

கடல் நீரையோ கிணற்று உவர்நீரையோ முதல் பாத்தியில் விடுகிறார்கள். வெயிலில் காயக் காய அதை அடுத்த பாத்திக்கும், அதற்கடுத்த பாத்திக்கும் மாற்றிக்கொண்டே போகிறார்கள். நீர் சுண்டிச் சுண்டிக் கடைசிப் பாத்தியில் உப்பாகப் பூக்கிறது. முதல் பாத்திகளில் சிறு மீனும் புழுவும் இருக்கும். கரிப்பு ஏறிய பாத்திகளில் மீன் பிழைக்காது. அங்கே அரிசி அளவே உள்ள உப்புநீர் இறாலும், கரையோரம் மொய்க்கும் சிறு ஈக்களும் பெருகுகின்றன. பறவைகளுக்கு இதுதான் பந்தி. நெட்டைக் கால்காரர்களுக்கு ஆழமான பாத்தி; குட்டைக் கால்காரர்களுக்குக் கரையோரம். யாரும் யார் இலையிலும் கை வைப்பதில்லை!

வெளிச்சம் வந்தது. இளஞ்சிவப்புக் கால்களில் நெடுங்கால் உள்ளான்கள் பாத்தியை அளந்துகொண்டிருந்தன. பவளக்காலி ஒன்று எங்களைக் கண்டு கூச்சலிட்டு எழுந்தது. இருபத்தைந்து கிராம் எடைகூடத் தேறாத கொசு உள்ளான்கள் தையல் மிஷின் ஊசிபோல் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. பூநாரைக் கூட்டமும் இங்கே வருவதுண்டாம். அன்று எங்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

"அதோ, அதைப் பாருங்கள்" என்று டீச்சர் பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். வளைந்த மூக்குள்ள ஓர் உள்ளான். மார்பில் திட்டுத் திட்டாகச் செங்கல் நிறம். சாயம் போன பழைய சேலை மாதிரி இருந்தது.

"அது கல்யாணச் சேலை. சைபீரியாவின் வடகோடியில் குடித்தனம் நடத்திவிட்டு நேரே வருகிறது. இன்னும் சில வாரத்தில் முழுக்க வெளுத்துவிடும்" என்றார்.

இங்கிருந்து அந்த இடம் 7,000 கிலோ மீட்டருக்கு மேல். இது கட்டுக்கதை அல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் கோடியக்கரையில் காலில் வளையம் மாட்டி விட்ட பறவைகள் சைபீரியாவில் அகப்பட்டிருக்கின்றன.

"குஞ்சுகள் எங்கே?" என்று கேட்டேன்.

"அவை இனிமேல்தான் வரும். தனியாக!"

இந்த இனத்தில் ஆண் பறவை அடைகாக்கக்கூடத் தங்குவதில்லை, முதலில் கிளம்பிவிடுகிறது. தாய் தனியாகக் குஞ்சு பொரித்து ஆளாக்கி, அதன்பின் அதுவும் புறப்பட்டுவிடுகிறது. அந்த ஆண்டே பிறந்த இளசுகள், வழி காட்ட யாருமின்றிப் பின்னால் வந்து சேருகின்றன.

உப்புச் சுமையை அம்பாரத்தில் கொட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அளத்து அம்மாள் ஒருத்தி சிரித்தாள். "ஆம்பளை அங்கயும் அப்படித்தானா டீச்சர்?" என்றாள். பிறகு அவள் முகம் மாறிவிட்டது. "எம் மவனைத் திருப்பூருக்கு பஸ் ஏத்தும்போது, எங்க எறங்கணும்னு நாலு தடவை சொல்லி அனுப்பினேன். இதுக்கு யாரு சொன்னது?"

டீச்சரிடம் பதில் இல்லை. எனக்கும் தொண்டையில் என்னவோ அடைத்தது.

அந்த நேரம் பார்த்து டீச்சரின் மகள், "தட்டான்! தட்டான்!" என்று கூவினாள். உமரிச் செடிகளுக்கு மேலே மஞ்சள் தட்டான்கள் நாலைந்து காற்றை எதிர்த்துப் பறந்தன. சாதாரணத் தட்டான் என்று அலட்சியமாக நினைத்தேன். மாலத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், ஆண்டுதோறும் அக்டோபரில் இந்தத் தட்டான்கள் திரள் திரளாக அங்கே வந்து இறங்குவதைக் கவனித்தார். அவை முட்டையிடத் தேங்கிய நன்னீர் அந்தத் தீவுகளில் அநேகமாக இல்லை. இந்தியாவிலிருந்து வாடைக் காற்றில் ஏறி, கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் அவர் எழுதினார். போகிற தட்டான் திரும்புவதில்லை. அதன் சந்ததிதான் திரும்புகிறது. அதற்கும் வழி சொல்ல ஆள் கிடையாது.

பெரியவர் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். 2011 முதல் தை மாதத்தையொட்டித் தாமிரபரணிக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் இவர்கள் போகிறார்கள்.

"இப்படி எண்ணி என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முன்னே அளமாக இருந்த சில இடங்களில் இன்று கிட்டங்கியும் கட்டடமும் நிற்கின்றன. உப்பளத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது புல் முளைக்காத பொட்டல். அங்கே இத்தனை உயிர் சாப்பிடுகிறது என்று யாராவது எழுதி வைத்தால்தானே தெரியும்? பெரிய பறவை ஒரு பாத்தி போனால் வேறு பாத்தி தேடும். வழியே தெரியாமல் வருகிற பிள்ளை என்ன செய்யும் சார்?"

வெயில் ஏறிவிட்டது. அந்த அம்மாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், அந்தச் சின்னஞ்சிறுசுக வந்தா எனக்கும் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மக்ரூன் பொட்டலத்தோடு வீடு திரும்பினேன். கதையைக் கேட்ட என் மனைவி, ரசத்துக்கு உப்புப் போட எடுத்த கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அதன் பிறகு தினமும், "டீச்சரிடமிருந்து ஏதாவது சேதி உண்டா?" என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

புரட்டாசி பிறந்து பத்தாம் நாள் டீச்சரின் சேதி கைப்பேசியில் வந்தது: "இளசுகள் ஏழு வந்திருக்கின்றன. மார்பில் சிவப்பே இல்லை; முதுகில் மீன் செதில் போல் கோலம். அதே பாத்தி. முதலில் பார்த்துச் சொன்னது அளத்து அம்மாள்தான்."