கொடை லைட்டும் ஒரு காலி ஹோல்டரும்

1/ எங்க ராயகிரியில அம்மன் கொடைன்னா சின்ன வயசுல எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது சீரியல் செட்டுதான். சாமி எல்லாம் அப்புறம்! சவுக்குக் கம்பு வந்து இறங்குன அன்னைக்கே படிப்பு மறந்துபோகும். பனை உயரத்துக்கு அம்பாள். ராத்திரி ஸ்விட்சைப் போட்டதும் சூலம் இறங்கும், சிங்கம் வாலை ஆட்டும், மயில் தோகை விரிக்கும். வாயைப் பிளந்துகிட்டு நிப்போம்.

2/ உண்மையில அங்க எதுவும் அசையறதில்லை. ஒரு வரிசை அணையுது, பக்கத்து வரிசை எரியுது. அசைவை உண்டாக்குறது நம்ம மூளை. மாக்ஸ் வெர்தைமர் 1912-லயே இதை ஆராய்ந்து எழுதிட்டார். சினிமாவும் இதே மாதிரி வித்தைதான்.

3/ ஒருநாள் செட்டுக்கார அண்ணாச்சி பெட்டியைத் திறந்து காட்டினார். 555 ஐசி துடிப்பு கொடுக்கும், 4017 ஐசி அதை எண்ணி வரிசை வரிசையா அனுப்பும். பின்னாடி ஈசிஜி-யில இதயத் துடிப்பைப் படிச்சப்ப எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

வங்காளத்துல சந்தன்நகர் ஊரே இந்த விளக்கு வேலைக்குப் பேர் போனது. அங்க அதைக் கலைன்னு சொல்றாங்க. நாம "கரண்டு வேலை"ன்னு சொல்றோம்.

4/ சில வருஷத்துக்கு முன்னாடி நைட் ட்யூட்டி. ஒரு கொடையில இருந்து லைட் கட்டுற தம்பியைத் தூக்கிட்டு வந்தாங்க. மணிக்கட்டுல வளையல் மாதிரி இன்சுலேஷன் டேப் மாட்டியிருந்தான். மழை ஈரம். எரியாத வரிசையில பல்பு கழன்ற ஹோல்டருக்குள்ள விரல் பட்டிருக்கு. வர்ற வழியெல்லாம் கை கால் தேய்ச்சுவிட்டிருக்காங்க. நெஞ்சை யாரும் அழுத்தலை. எங்களால காப்பாத்த முடியலை.

5/ பலரும் நினைக்கிற மாதிரி சின்ன பல்புன்னா சின்ன கரண்டு இல்லை. 6 வோல்ட் பல்பு சுமார் 40-ஐத் தொடரா கோத்துதான் 230 வோல்ட்ல எரிய வைக்கிறாங்க. அதனாலதான் பேரே சீரியல். ஒண்ணு கழன்றா வரிசையே அணையும். ஆனா அந்தக் காலி இடத்துல மொத்த 230 வோல்ட்டும் நிக்கும். எரியலைன்னா கரண்டு இல்லைன்னு அர்த்தமில்லை.

6/ என்ன செய்யலாம்?

• பல்பு மாத்துறதுக்கு முன்னாடி மெயினை அணைங்க.
• லைட் செட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். உடம்பு வழியா தரைக்குக் கரண்டு கசிஞ்சா நொடிக்குள்ள அறுத்துவிடும். ரெண்டு வயரையும் சேர்த்துத் தொட்டா அது காப்பாத்தாது. அதனாலதான் முதல் விதி.
• ஜெனரேட்டருக்கும் முறையா எர்த் வேணும்.

7/ யாருக்காவது ஷாக் அடிச்சா, தொடாதீங்க; முதல்ல மெயினை அணைங்க. பேச்சு மூச்சு இல்லையா? 108-க்குக் கூப்பிடச் சொல்லிட்டு உடனே நடுநெஞ்சுல 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்க, நிமிஷத்துக்கு 100-120 தடவை. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. தேய்ச்சுவிடுறதுல நேரம் போனா உயிரும் போயிரும்.

8/ இந்த வருஷம் தலைக்கட்டு வரி பேச உட்கார்ந்தப்ப, மேளம், வில்லுப்பாட்டு, வாணவேடிக்கைன்னு கணக்கு ஓடிச்சு. நான் ஆர்.சி.சி.பி.யைச் சேர்க்கச் சொன்னேன். "அது எதுக்கு டாக்டரே?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். அந்தத் தம்பி கதையைச் சொன்னேன். மறுபேச்சு இல்லாம எழுதிக்கிட்டார்.

உங்க ஊர் கொடைக் கணக்குலயும் எழுதச் சொல்லுங்க. அம்பாளை அசைய வைக்கிறவன் பத்திரமா கீழ இறங்கணும்.