மொய்ரா என்ன ஆனாள்?

போன மாதம் பேத்தி ஓர் ஆங்கில நாவலைக் கொடுத்து, "படிச்சுப் பாருங்க பாட்டி" என்றாள். கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. 1985-ல் வந்தது.

அமெரிக்காவில் ஆட்சியைக் கவிழ்த்து, கிலியட் என்றொரு மதவாத அரசு வருகிறது. பெண்கள் வேலை பார்க்கக் கூடாது, படிக்கக் கூடாது, சொந்தமாகக் காசு வைத்திருக்கக் கூடாது. தன் பாலினத்தவரையே நேசித்தவர்களைத் தூக்கிலிட்டு மதிலில் தொங்கவிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தவள் கதாநாயகி அல்ல. அவளுடைய கல்லூரித் தோழி மொய்ரா. பெண்களை நேசிப்பவள், அதை மறைக்காதவள். அடைத்து வைத்த இடத்தில் காவலுக்கு இருந்தவளையே மிரட்டிக் கட்டிப்போட்டு, அவள் உடுப்பை மாட்டிக்கொண்டு வாசல் வழியாகவே நடந்து போய்விடுகிறாள்! பல மாதங்கள் நல்லவர்கள் வீடுகளில் ஒளிந்திருந்து, எல்லை தாண்டப் போகும் நேரத்தில் பிடிபடுகிறாள். கடைசியில் அதிகாரிகளின் ரகசிய விடுதியில் அவளைப் பார்க்கிறோம். உயிர் இருக்கிறது; பழைய துணிச்சல் இல்லை. அங்கே பெண்கள் தங்களுக்குள் நேசித்தால் மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லையாம். அதன்பின் அவள் என்ன ஆனாள் என்று கதை சொல்லவில்லை.

புத்தகத்தை மூடியதும், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பள்ளியிலிருந்த இரண்டு டீச்சர்கள் ஞாபகம் வந்தது. ஒரே வீடு, ஒரே சமையல். ஊர் பேசியது. ஒருவரை வெகுதூரம் மாற்றினார்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். மாற்றலைத் தடுத்திருக்க என்னால் முடியாது. சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்.

பேத்தியிடம் சொன்னேன். "அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

விசாரிக்கவே இல்லை நான்.