‘ஏன்?’ என்று கேட்கக் கற்றேன்

ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் தாளாமல் பரிசோதனைக் கூடத்தை விட்டு ஓடியவள் நான். விடைகளை மனப்பாடம் செய்தேனேயன்றி, ‘ஏன்?’ என்று கேட்டதில்லை. சிஸ்டர் சிரித்துக்கொண்டே அவ்வாயுவின் பெருமையைச் சொன்னார்.

1911இல் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ், மின்தடை அறவே மறையும் மீகடத்தலைப் பாதரசத்தில் கண்டார். அதற்குச் சுமார் –269 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டியிருந்தது. 2015இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் எரெமெட்ஸ் குழுவினர் இவ்வாயுவை வைர முனைகளிடையே சுமார் 15 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கினர். –70 டிகிரியிலேயே தடை மறைந்தது!

காரணம்? ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியத்தை இட்டனர். மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலை தாழ்ந்தது. கனத்த அணு மெதுவாகவே அதிரும். ஆகவே எலக்ட்ரான்களை இணைசேர்ப்பது அணுக்களின் அதிர்வே என்று தெளிந்தனர்.

தோழியரே, இன்றும் அந்நாற்றத்திற்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறேன், ஆனால் ‘ஏன்?’ என்று கேட்காமல் நகர்வதில்லை.