மெமரி மேல தப்பில்லை

மஞ்சள் வேக வைக்கறதப் பத்தி எழுதறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். எழுத முடியல. வீட்டு கம்ப்யூட்டர் படுத்திருச்சு. படுக்க வெச்சது நான்தான். அந்தக் கதையை மொதல்ல சொல்லிடறேன். நடுவுல ஒரு பையன்கிட்ட நான் நடந்துக்கிட்ட விதமும் வருது. அதையும் மறைக்காமச் சொல்லணும்.

இந்தப் பொட்டி 2010-ல வாங்கினது. பொண்ணு அப்ப பத்தாவது. ஈரோட்டுல ஒரு கடையில சாமானெல்லாம் தனித்தனியா வாங்கிப் பூட்டிக் கொடுத்தாங்க. பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி மெமரி. அவ படிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணமாகி கோயமுத்தூருக்குப் போயிட்டா. பொட்டி எங்ககிட்டயே தங்கிருச்சு. அதுலதான் வரவு செலவு, உரக் கணக்கு, இங்க எழுதறது எல்லாம்.

அதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கு. எங்கப்பா 1974-ல இருந்து மழை பேஞ்ச நாளையெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருந்தார். மில்லிமீட்டர் கணக்கெல்லாம் கிடையாது. "தூத்தல்", "உழவு மழை", "ஓடை வந்தது", அவ்வளவுதான். நோட்டு ஓரமெல்லாம் கரையான் தின்னுருச்சு. மிச்சத்தையும் அது திங்கறதுக்குள்ள தட்டி ஏத்திடணும்னு ரெண்டு வருசமா உக்காந்துட்டிருக்கேன்.

கொஞ்ச நாளா பொட்டி நகரவே மாட்டேங்குது. ஒரு பக்கத்தைத் தொறந்து வெச்சுட்டு இன்னொண்ணைத் தொறந்தா, முன்னாடி இருக்கற சிவப்பு லைட்டு விடாம எரியும். "மழை"ன்னு அடிச்சுட்டு எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சுட்டு வந்தா அப்பத்தான் எழுத்து வருது. பொண்ணுகிட்ட போன்ல சொன்னேன். "டாஸ்க் மேனேஜர்ல மெமரி எவ்வளவு காட்டுதுன்னு பாருப்பா"ன்னா. 92 சதவீதம்.

இதை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னா, மெமரிங்கறது களம். ஹார்டு டிஸ்க்குங்கறது குடோன். களம் சின்னதா இருந்தா என்ன பண்ணுவோம்? பாதி மஞ்சளைக் காயப் போட்டுட்டு மீதியைக் குடோன்ல போடுவோம். அதை எடுக்க இதை அள்ளணும், இதைப் போட அதை அள்ளணும். வேலை பூரா தூக்கிச் சுமக்கறதுலயே போயிடும். அந்தச் சிவப்பு லைட்டு விடாம எரிஞ்சது அந்தச் சுமைதான். களத்தைப் பெருசு பண்ணினாப் போதும்.

மாப்பிள்ளை புதுசே வாங்கித் தர்றேன்னார். வேண்டாம்னுட்டேன். மோட்டார் காயில் போச்சுன்னா கட்டித்தானே ஓட்டறோம், கிணத்தையா மாத்தறோம்?

ஈரோட்டுல பழைய கம்ப்யூட்டர் சாமான் விக்கற கடை ஒண்ணு. இருபத்தஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் வெச்சிருக்கான். டிடிஆர்3 ராம், 4 ஜிபி, எண்ணூறு ரூபாய். என் கண்ணு முன்னாடி அவனோட பொட்டியில சொருகி, 4 ஜிபின்னு காட்டினான். "வேலை செய்யலீன்னா கொண்டாங்ணா, பாத்துக்கலாம்"னான்.

பொழுதோட வீடு வந்து வேலையை ஆரம்பிச்சேன். பிளக்கைப் புடுங்கிட்டு, பக்கத் தகட்டைக் கழட்டினா உள்ள ஒரு வருசத்து மஞ்சள் தூசி. ரெண்டு பல்லி முட்டை ஓடு. பெயிண்ட் பிரஷ்ஷால தட்டி, சைக்கிள் பம்புல காத்தடிச்சேன். வெறும் தகட்டைத் தொட்டு உடம்புல இருக்கற கரண்டை இறக்கிட்டு, பழைய ராமைக் கழட்டி, நடுவுல இருக்கற வெட்டுப் பார்த்துப் புதுசைச் சொருகினேன். ரெண்டு பக்கக் கொக்கியும் டக்குனு விழுந்துச்சு.

ஆன் பண்ணினேன். காத்தாடி சுத்துது. திரை கறுப்பு. உள்ள இருந்து கீ...ங், கீ...ங்னு நீளமா ஒரு சத்தம், நிக்கவே மாட்டேங்குது. கன்னுக்குட்டியைப் பிரிச்ச மாடு கத்தற மாதிரி. மெமரி சரியில்லைன்னா அப்படிக் கத்துமாம்.

அழிரப்பர் எடுத்து ராமோட தங்கக் கலர் பல்லையெல்லாம் தேச்சேன். கீங். பக்கத்துக் குழிக்கு மாத்தினேன். கீங். காசு மாதிரி இருக்கற பேட்டரியைக் கழட்டி, சித்த நேரம் விட்டு மாட்டினேன். கீங். பழைய ராமைப் போட்டேன், ஓடுது. அதையே பக்கத்துக் குழியில போட்டேன், அங்கயும் ஓடுது. ஆக ரெண்டு குழியும் நல்லா இருக்கு, பொட்டியும் நல்லா இருக்கு. புது ராம்தான் கெட்டதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

எனக்குக் கோவம் சீக்கிரம் வரும். ராத்திரி ஒம்பது மணிக்கு அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். "பாட்டாளிக்காரன்னு தெரிஞ்சு கெட்டதைத் தலையில கட்டிட்டயா தம்பி?"ன்னு கேட்டேன். அவன் எதுத்துப் பேசல. "கொண்டாங்ணா, பாக்கலாம்"னான். எங்க வீட்டுக்காரம்மா பக்கத்துல இருந்து, "ஏமாத்தறவனா இருந்தா கொண்டாங்கன்னு எதுக்குங்க சொல்றான்?"னா. நான் காதுல போட்டுக்கல.

அடுத்த நாளு கவுந்தப்பாடி, சித்தோடு வழியா மறுக்காவும் பஸ். கடையில நாலஞ்சு பேரு நின்னாங்க. நான் வேணும்னே சத்தமாச் சொன்னேன், எல்லாருக்கும் கேக்கட்டும்னு. "காசு வாங்கறப்ப ஓடுது, ஊட்டுக்குப் போனா ஓட மாட்டேங்குது. நல்ல யாவாரம்." ஒரு லேப்டாப்பைக் கையில வெச்சிருந்த ஆளு அதை மறுக்காவும் பைக்குள்ள வெச்சாரு. அதை நானும் பார்த்தேன், பையனும் பார்த்தான்.

அவன் ஒண்ணும் பேசாம ராமை வாங்கி அவனோட பொட்டியில சொருகினான். ஓடுது. 4 ஜிபி.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "உங்க போர்டுல ஸ்லாட்டுப் போயிருக்கும்ங்ணா"ன்னான். "அதே குழியில பழசு ஓடுதே தம்பி"ன்னேன். அதுக்கு அவன்கிட்டயும் பதிலில்லை. ராமைக் கையில கொடுத்து, "பொண்ணுகிட்டக் கேட்டுப் பாருங்ணா, இல்லீன்னா காசைத் திருப்பித் தர்றேன்"னான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய வந்தேன்.

பஸ்ஸுல வர்றப்ப வேற ஒண்ணு ஞாபகம் வந்துது. நாலஞ்சு வருசம் முன்னாடி, ஈரோட்டுக்குச் சாம்பிள் மஞ்சள் கொண்டு போயிருந்தேன். ஒருத்தர் ஒரு விரலி எடுத்து ஒடிச்சுப் பார்த்துட்டு, "ஈரம்"னு சொல்லித் தூக்கி ஓரமாப் போட்டார். நல்லாக் காஞ்ச மஞ்சள். ஒடிச்சா டக்குனு சத்தம் வந்த மஞ்சள். சுத்தி நின்னவங்க அதுக்கப்புறம் என் சாக்குப் பக்கமே திரும்பல. அன்னிக்கு ராத்திரி நான் சோறு திங்கல. அந்தப் பையன் அன்னிக்குச் சோறு தின்னானோ என்னமோ. வீடு வர்ற வரைக்கும் வெசனமாவே இருந்துது.

பொழுதோட பொண்ணு கூப்பிட்டா. போர்டு மேல என்ன எழுதியிருக்குன்னு கேட்டா. டார்ச் அடிச்சுக் கண்ணாடி போட்டுப் பார்த்துச் சொன்னேன், ஜி41. கொஞ்ச நேரம் எதையோ தேடிப் படிச்சுட்டு, "அப்பா, புது ராம்ல எத்தனை கறுப்புச் சிப்பு இருக்கு, எண்ணு"ன்னா.

ஒரு பக்கம் எட்டு. திருப்பினேன், மறுபக்கம் மொட்டை.

"பழசுல?"

அந்தப் பக்கம் எட்டு, இந்தப் பக்கம் எட்டு.

"அதுதாம்ப்பா"ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல, வெளக்கமாச் சொல்லச் சொன்னேன். 4 ஜிபியை எட்டுச் சிப்புல பிரிச்சா ஒரு சிப்புக்கு 512 எம்பி. பதினாறுல பிரிச்சா 256 எம்பி. ஜி41 போர்டு வந்த காலத்துல ஒரு சிப்புக்கு 256-க்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது. பின்னாடி வந்த போர்டுகளுக்குத் தெரியும். அதனாலதான் அந்தப் பையன் பொட்டியில ஓடுது, எங்க பொட்டியில கத்துது. ரெண்டும் டிடிஆர்3-தான், ரெண்டும் ஒரே குழியில உக்காரும், ரெண்டு மேலயும் 4 ஜிபின்னுதான் எழுதியிருக்கும்.

நானூறு கிலோ மஞ்சள்தான். ஐம்பது கிலோ மூட்டையா எட்டுக் கட்டினா எங்க மாமனாரால ஒண்ணைக்கூடத் தூக்க முடியாது. இருபத்தஞ்சு கிலோவா பதினாறு கட்டினா ஒவ்வொண்ணா முழுசையும் ஏத்திடுவார். மூட்டையிலயும் தப்பில்லை, மாமனார்லயும் தப்பில்லை.

இந்த ராம் இங்க ஓடலைங்கறதை நான் கண்டுபிடிச்சது சரிதான். அதனால ராம் கெட்டதுன்னு ஒரு எட்டுக் கூட வெச்சேன் பாருங்க, அங்கதான் வழுக்கினேன். மோட்டார் ஓடலீன்னா கரண்ட், பியூசு, ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர்னு ஒவ்வொண்ணாப் பாத்துட்டுத்தான் கிணத்துக்குள்ள இறங்குவேன். மனுசன் மேல பழி போடறதுக்கு மட்டும் அவ்வளவு பொறுமை வரல.

யாராச்சும் பழைய ஜி41 பொட்டி வெச்சிருந்தா ஒண்ணு கவனிங்க. ராம் மேல ஒட்டியிருக்கற சீட்டுல 1ஆர்எக்ஸ்8-ன்னு இருந்தா சிப்பு ஒரு வரிசை, 2ஆர்எக்ஸ்8-ன்னு இருந்தா ரெண்டு வரிசை, பதினாறு சிப்பு. 4 ஜிபி வாங்கறதா இருந்தா ரெண்டாவதுதான் வேணும். சீட்டு கிழிஞ்சிருந்தா எண்ணிக்கலாம். வேகம் கூடின ராமா இருந்தாப் பரவாயில்லை, பழைய போர்டுல மெதுவா ஓடும், அவ்வளவுதான்.

மூணாவது தடவை ஈரோடு. கடையில மூணு பேரு இருந்தாங்க. கூட்டம் போகட்டும்னு நிக்கலாமான்னு ஒரு ரோசனை வந்துது. சத்தம் போட்டது கூட்டத்துல, இதையும் கூட்டத்துலயே சொல்றதுதான் சரின்னு உள்ள போனேன். "தம்பி, உன் சாமான் நல்ல சாமான். நான் தெரியாமப் பேசிட்டேன்"னேன். அவன் சங்கடப்பட்டு, "அட உடுங்ணா, உக்காருங்ணா"ன்னான்.

அப்புறம் சிப்புக் கணக்கைச் சொன்னேன். அவன் கையில இருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டான். "இதே மாதிரி மூணு நாலு பேரு சண்டை போட்டுட்டுப் போயிருக்காங்ணா. அவங்களுக்கெல்லாம் போர்டு போச்சுன்னுதான் சொல்லி அனுப்பினேன்"னான். அதுல எத்தனை பேரு நல்ல போர்டைக் காயலாங்கடையில போட்டாங்களோ. டப்பாவைக் கவுத்து ரெண்டு பேரும் தேடினோம். ஏதோ ஆபீசுப் பொட்டியில இருந்து கழட்டினது ஒண்ணு அடியில கிடைச்சுது. ரெண்டு பக்கமும் எட்டெட்டு. மாத்திக் கொடுத்தான். மேல காசு வாங்கல.

வீட்டுல சொருகினேன். கீங் சத்தம் இல்லை. விண்டோஸ் 7 வந்து நின்னுது. உள்ள போய்ப் பார்த்தா, 4 ஜிபி, அதுல உபயோகிக்கக் கூடியது 3.24-ன்னு காட்டுது.

கை நேரா போனுக்குத்தான் போச்சு. நல்லவேளை, கடைக்குப் போடாம பொண்ணுக்குப் போட்டேன். "அது 32 பிட் விண்டோஸ்ப்பா, அப்படித்தான் காட்டும்"னா. அதால மொத்தம் 4 ஜிபி வரைக்கும்தான் கதவு நம்பர் போட முடியுமாம். போர்டுல இருக்கற மத்த சாமானுக்கும் அந்த நம்பர்லயே பங்கு கொடுக்கணுமாம். படம் காட்டற சிப்பும் மெமரியில ஒரு கை எடுத்துக்குது. யாரும் திருடல.

அவ சொன்னபடி பென் டிரைவ்ல மெமரி டெஸ்ட் போட்டு ராத்திரி பூரா ஓட விட்டேன். விடியால எந்திரிச்சுப் பார்த்தப்ப தப்பு பூச்சியம்னு காட்டிட்டிருந்துது. பழைய 2 ஜிபியை வெத்தலைப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கேன்.

இப்ப மூணு பக்கம் தொறந்து வெச்சாலும் லைட்டு அடங்கி எரியுது. அப்பா நோட்டுல 1979 புரட்டாசிக்கு வந்திருக்கேன். "ரெண்டு நாள் விடாத மழை. வாழை சாஞ்சது"ன்னு எழுதியிருக்கார். அடுத்த பக்கத்துல பாதிதான் இருக்கு.

மஞ்சள் வேக வைக்கறது அடுத்த வாரம் கட்டாயம்.